வெளிர் ரோஜா அலமாரி

ஜனவரி 18, வியாழன்

ஓய்வு பெற்ற பிறகு நாட்குறிப்பு எழுதுவதை விட்டிருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதிக்கு முப்பத்தொரு வருடம் வார்டனாக இருந்தவள் நான். யார் தாமதமாக வந்தாள், யார் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு எங்கோ போனாள் என்று தினமும் எழுதுவேன். அது வேலை. இப்போது எழுத என்ன இருக்கிறது, கேஸ் சிலிண்டர் வந்த தேதியைத் தவிர?

இன்று ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து துளசிமணி போன் செய்தாள். என் மகள் வினோதினியின் மாமியார். ஆறு வருடத்தில் இது மூன்றாவது போன்.

"ஏனுங்க சம்பந்தி, நல்லா இருக்கறீங்களா? வினோவுக்கு ஏழு மாசமாச்சுங்க. தையில வளகாப்பு வெச்சுக்கலாம்னு இருக்கறோம். மொறைப்படி நீங்க வந்து கூட்டிட்டுப் போகோணும்ங்க."

"அவ வாரேன்னு சொன்னாளா?" என்று கேட்டேன்.

"நான் பேசிக்கறனுங்க" என்றாள்.

என் மகளை என் வீட்டுக்கு அனுப்ப இன்னொருத்தி பேச வேண்டியிருக்கிறது. இருக்கட்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். அவள் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டபோது வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பினாள், நான் போகவில்லை. அதையெல்லாம் இப்போது கிளற வேண்டாம். பிள்ளை இங்கே பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

ஜனவரி 20, சனி

வினோவின் அறையைத் திறந்தேன். வேலை கிடைத்து அவள் கோயம்புத்தூர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. ஊறுகாய் ஜாடி, பழைய பேப்பர், ஓடாத டேபிள் ஃபேன் என்று வீட்டில் வேண்டாததெல்லாம் அங்கே குடியேறியிருந்தது. எல்லாவற்றையும் வெளியே தள்ளினேன்.

கட்டில் பரவாயில்லை. ஜன்னல் கொக்கியை மாற்றினால் போதும். சுவர் அலமாரிதான் பார்க்கச் சகிக்கவில்லை. கதவு கிடையாது. மழையில் உப்பிப்போய்ச் சாத்த முடியாமல் இருந்ததால் முன்பே கழற்றிவிட்டேன். காவிப் பெயிண்ட் உரிந்து, பலகையெல்லாம் பல்லி எச்சம்.

எதிர்வீட்டு ஜெபமணி வந்து எட்டிப் பார்த்தாள். தையல்காரி. வாய் ஓயாது, மிஷினும் ஓயாது. அவள் போனை வாங்கிப் பார்த்தேன். வினோ தன் ஸ்டேட்டஸை எனக்குத் தெரியாதபடி வைத்திருக்கிறாள். ஜெபமணிக்குத் தெரியும். அதனால் அவள் போனில் பார்த்துக்கொள்வேன். பெற்றவள் பார்ப்பதில் என்ன தப்பு?

போன மாதம் வினோ போட்ட ஒரு படத்தை ஜெபமணி எடுத்து வைத்திருந்தாள். கதவே இல்லாத ஓர் அலமாரி. வெளிறிய ரோஜா நிறம், ஓரங்களில் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிகிறது. மரத்து ஹேங்கர்களில் மெல்லிய நிறத்துணிகள். தட்டுகளின் முன்னால் லேஸ் தொங்குகிறது, பூப்போட்ட காகிதம் ஒட்டிய பெட்டிகள், வட்டக் கண்ணாடி, மஞ்சள் வெளிச்சம். நூறு வருடத்துக்கு முந்தைய துரைசாணி அறை மாதிரி. 'விண்டேஜ்' என்று பெயராம். அடியில், என்றாவது ஒரு நாள் எனக்கும், என்று எழுதியிருந்தாளாம்.

கதவில்லாத அலமாரிதான் இப்போது நாகரிகமாம்! பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே இந்த வீட்டில் அது வந்துவிட்டது, யாருக்கும் தெரியவில்லை.

முடிவு செய்துவிட்டேன். அவள் வரும்போது அந்தப் படத்தில் இருப்பது அவள் அறையில் இருக்கும்.

ஜனவரி 22, திங்கள்

நடுப்பலகை இரண்டையும் எடுத்துவிட்டுத் துணி தொங்கவிட உருட்டுக் கம்பி போட்டாயிற்று. சுரண்டும்போது மேல் மூலை இரண்டிலும் துருப்பிடித்த ஆணிகள் தட்டுப்பட்டன. வினோ அடித்தது. துப்பட்டாவைத் திரையாகக் கட்டிப் பார்த்தாள், நான் அவிழ்த்துவிட்டேன். குறட்டால் பிடுங்கிப் பட்டி வைத்து அடைத்தேன்.

ஜனவரி 24, புதன்

பெயிண்டரோடு சண்டை. முதலில் நிறத்துக்கு. அவன் கலந்து கொண்டுவந்தது கல்யாண மண்டப ரோஸ். நான் கேட்டது வெளிறின ரோஸ், பாலில் ஒரு துளி ரோஸ்மில்க் விட்ட நிறம். மூன்றாவது தடவை சரியாக வந்தது. அடித்துக் காய்ந்ததும் ஓரங்களை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கச் சொன்னேன். அவன் முகம் சுருங்கிப்போனது.

"நான் அடிச்சத நானே கெடுக்கணுமா?" என்றான்.

ஜெபமணி வாசலில் நின்று சிரித்தாள். "வார்டனக்கா, பழசாத் தெரியணும்னா சும்மா விட்டாப் போதாதா? அது பாட்டுக்குப் பழசாப் போவும்லா!"

"நீ பேசாம லேஸ் எடுத்துட்டு வா."

"அது கெடக்கட்டும், கதவ எங்கக்கா? நல்ல தேக்குக் கதவுல்லா இருந்துச்சு."

"கரையான் அரிச்சுட்டு" என்றேன்.

அவள் லேஸ் எடுக்கத் திரும்பிவிட்டாள். ஜெபமணி பதில் சொல்லாமல் இருப்பது வருடத்துக்கு ஒருமுறை நடக்கும்.

ஜனவரி 27, சனி

மரத்து ஹேங்கர் தேடி ஜங்ஷன் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் பிளாஸ்டிக். கடைசியில் ஜவுளிக்கடைகளுக்குச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. இருபத்துநான்கு.

என் பழைய நூல் சேலைகள் ஐந்தை எடுத்துக்கொடுத்தேன். ஜெபமணி அவற்றை வெட்டிச் சுருக்கம் வைத்து, உள்பாவாடை லேஸ் கோத்து, தட்டுகளுக்கு முன்னால் தொங்கும்படி தைத்துக்கொடுத்தாள். கத்திரியை வைப்பதற்கு முன்னால் சேலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது பிள்ளைக்குல்லாக்கா ஆவும். பிறந்ததும் சுத்த இப்படித் துணி எங்க கெடைக்கும்?"

"பிள்ளைக்கு வேற இருக்கு. வெட்டு."

"கேக்கனேன்னு நினைக்காதிய. இதுக்கு ஒரு தெரையும் தச்சிருவமா? புள்ளத்தாச்சி, உள்துணியெல்லாம் வைக்கணும்லா."

"படத்துல திரை இல்ல" என்றேன்.

பிப்ரவரி 1, வியாழன்

முடிந்தது. பிஸ்கட் டின்களில் பூக்காகிதம் ஒட்டி அடுக்கியிருக்கிறேன். என் அம்மாவின் தகரப் பெட்டிக்குப் பால்வெள்ளை அடித்துக் கீழே வைத்தேன். மருக்கொழுந்தைக் காயவைத்துச் சின்னச் சின்னப் பைகளில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சீரியல் பல்பு ஜெபமணி கொடுத்தது, அவள் வீட்டுக் கிறிஸ்மஸ் குடிலில் போடுவது. சுவிட்சைத் தட்டியதும் அவளே ஒரு நிமிடம் வாயைப் பிளந்து நின்றாள்.

"யம்மா! படத்த விட நல்லாருக்கே!"

இருபத்துநான்கு ஹேங்கரும் காலியாகத் தொங்குகின்றன. அது ஒன்றுதான் குறை. அவள் வந்து துணியை மாட்டிவிட்டால் படம் மாதிரியே ஆகிவிடும்.

நான் யாருக்காகவும் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் இல்லையென்று சொல்லக் கூடாது.

பிப்ரவரி 4, ஞாயிறு, கோயம்புத்தூர்

வளைகாப்பு. வினோ வாசலுக்கு வந்து, "வாங்கம்மா. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள். இந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது. சின்ன வயதில் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். இப்போது மரியாதை பொங்கி வழிகிறது. ஆபீசுக்கு வந்த பெரிய அதிகாரியிடம் பேசுவதுபோல.

முகம் தெளிந்திருக்கிறது. கன்னம் பூசியிருக்கிறது. மருமகன் சதீஷ் அதிகம் பேசாதவன், விழுந்து கும்பிட்டான்.

நான் வளையல் போட்டபோது கையை நீட்டினாள். எந்த அளவு என்று தெரியாமல் சின்னதாக வாங்கிப் போயிருந்தேன். மூட்டில் இடித்தது. துளசிமணி சட்டென்று வேறு இரண்டு வளையல் எடுத்துக் கொடுத்து, "ரெண்டேகால் போடுவாளுங்க சம்பந்தி, மாசமானதுல கை கொஞ்சம் உப்பிருச்சு" என்றாள். என் மகளின் கை அளவு எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பந்தியில் வினோ இலைக்குக் கத்தரிக்காய் வைக்காதே என்று பரிமாறுகிறவனிடம் சொல்கிறாள். அவள் எங்கள் வீட்டில் கத்தரிக்காய் தின்றுதான் வளர்ந்தாள்.

கிளம்பும் முன் துளசிமணி என்னைத் தனியாக அழைத்தாள். "பாத்துக்குங்க. அவளா எதுவும் கேக்கமாட்டா. நாமளா எதுவும் செய்யாம இருந்தாப் போதுமுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. செய்யாமல் இருப்பதற்கா தாய்?

பிப்ரவரி 5, திங்கள்

வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்து, பல்பைப் போட்டு, ஒதுங்கி நின்றேன்.

நெடுநேரம் பார்த்தாள். லேஸைத் தொட்டாள். என் சேலை என்று கண்டுபிடித்துவிட்டாள், "இது உங்க மாம்பழக்கலர் சேலைல்ல?" என்றாள். "ரொம்ப அழகா இருக்கும்மா. எப்படித் தெரியும் எனக்கு இது பிடிக்கும்னு?"

"தாய்க்குத் தெரியாதா?" என்றேன்.

அலமாரியின் மேல் மூலையைப் பார்த்தாள். ஆணி இருந்த இடம். பிறகு பெட்டியைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தள்ளி வைத்துவிட்டு அதன் பக்கமாகவே உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பெட்டியிலிருந்து எடுத்துத்தான் உடுத்துகிறாள். துவைத்துக் காய்ந்ததை மடித்து மறுபடி பெட்டியிலேயே வைக்கிறாள்.

பிப்ரவரி 8, வியாழன்

இருபத்துநான்கு ஹேங்கர். அனைத்தும் காலி.

பிப்ரவரி 10, சனி

"துணியை மாட்டிக்கிட வேண்டியதுதானே, கசங்காதுல்லா" என்று சாதாரணமாகத்தான் சொன்னேன்.

"மாட்டுறேம்மா."

"நான் மாட்டித் தரட்டுமா?"

"வேண்டாங்க." சட்டென்று சொன்னாள். பிறகு சிரித்துக்கொண்டு, "நானே பண்ணிக்கிறேம்மா. அவசரமில்லையே" என்றாள்.

கடையில் வைத்த ஜோடனை மாதிரி நிற்கிறது அலமாரி. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும், ஆஹா, ஓஹோ, ஆனால் ஒன்றுமே காணோமே என்கிறார்கள். என்ன சொல்வேன்? என் மகள் என் வீட்டில் லாட்ஜில் தங்கியிருப்பதுபோலத் தங்கியிருக்கிறாள் என்றா?

பிப்ரவரி 13, செவ்வாய்

இன்று சொதி வைத்தேன், இஞ்சிப் பச்சடியோடு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மாலையில் ஜெபமணி வந்து சர்ச்சில் நடந்த ஏதோ கூத்தைச் சொல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று கணக்குப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

பிறகு கட்டிலில் சாய்ந்துகொண்டு, "அம்மா, கால் வீங்கியிருக்கு, பாரேன்" என்றாள்.

பாரேன் என்றாள். பாருங்க என்று சொல்லவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

மாட்டிவிட்டாள்! ஒரு துப்பட்டா. வெளிர் நீலம். காலையில் எழுந்து பார்க்கிறேன், கம்பியின் நடுவில் தொங்குகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இட்லிச் சட்னிக்கு ஒரு முழுத் தேங்காயைத் துருவிவிட்டேன்.

மிச்சத்தையும் மாட்ட வேண்டியதுதானே. குனிய முடியவில்லை போலிருக்கிறது. எட்டாம் மாதம், பெட்டி தரையில் இருக்கிறது. நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 17, சனி, காலை

வினோ சர்க்கரைப் பரிசோதனைக்கு ஜெபமணியோடு லேபுக்குப் போயிருக்கிறாள். சிலிண்டர் வரும் என்று நான் போகவில்லை. வர இரண்டு மணி நேரம் ஆகும்.

பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். பூட்டியிருக்கவில்லை. பூட்டாத பெட்டி என்றால் என்ன அர்த்தம்? எடுத்துக்கொள் என்றுதானே அர்த்தம்.

எல்லாவற்றையும் இஸ்திரி போட்டு நிறவாரியாக மாட்டினேன். வெள்ளை, சந்தனம், வெளிர் ரோஸ், நீலம். அடர் நிறத்தையெல்லாம் ஓரத்தில். உள்துணிகளை மடித்து லேஸுக்குப் பின்னால் மேல்தட்டில் அடுக்கினேன். இருபத்திரண்டு ஹேங்கர் நிறைந்துவிட்டது. பல்பைப் போட்டுப் பார்த்தேன். அந்தப் படமேதான். கண்ணை எடுக்க முடியவில்லை.

பெட்டியின் அடியில் ஒரு சின்னப் பூட்டு இருந்தது, உறைகூடப் பிரிக்காமல். அதைப் பிஸ்கட் டின்னில் போட்டேன். ஒரு நோட்டும் இருந்தது. திறக்கவில்லை. இரண்டு பக்கம்தான் பார்த்தேன். பிள்ளைக்குப் பெயர் எழுதிப் பார்த்திருக்கிறாள். என் பெயர் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

காலிப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அவளால் ஏற முடியாது, வேண்டும்போது நான் எடுத்துத் தருவேன். வாசலில் ஆட்டோச் சத்தம் கேட்கிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். விடுதியில் ஒரு விஷயம் நடந்தால் அப்படித்தான் எழுதுவேன்.

நேற்று அவள் உள்ளே வந்தாள். அலமாரியைப் பார்த்தாள். கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். ஜெபமணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பூட்டு எங்கம்மா?" என்றாள்.

டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உறையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஸ்டேஷன்ல வாங்கினேன், நீ தண்ணி பாட்டில் வாங்கப் போயிருந்தப்போ. இதப் பூட்டக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பன்னெண்டு நாள். ஒவ்வொரு தடவை குளிச்சிட்டு வரும்போதும் ஜிப்பத்தான் முதல்ல பாப்பேன். நீ தொடல. நேத்து அவர்கிட்ட போன்ல சொன்னேன், அம்மா தொடவே இல்லைங்க, நான் இங்கயே பெத்துக்கிடுதேன்னு."

"துணியத்தானே மாட்டினேன்? கொலையா பண்ணிட்டேன்?" என்றேன்.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னே. கதவத்தானே கழட்டினேன், கொலையா பண்ணிட்டேன்னு."

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

"ஆசாரி ஒவ்வொரு ஸ்க்ரூவா கழட்டினாரு. நான் இதே கட்டில்ல இப்படித்தான் உக்காந்திருந்தேன். என் உள்துணியெல்லாம் அவருக்கு முன்னால கெடந்துச்சு. அவரு பாவம், தலையக் குனிஞ்சிக்கிட்டே வேல பாத்தாரு. நீ ஸ்க்ரூவ எண்ணி எண்ணி வாங்கிக்கிட்டிருந்தே."

"படத்துலயும் கதவு இல்லையேட்டி! நீதானே போட்டிருந்த, வேணும்னு!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் அந்த ஸ்டேட்டஸை எப்படிப் பார்த்தேன் என்று அப்போதுதான் யோசித்தாள் போலிருக்கிறது. வாசலில் நின்ற ஜெபமணியைப் பார்த்தாள். ஜெபமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது என் வீட்டுல, என் துணி, நானா திறந்து வைக்கிறதும்மா" என்றாள். தாய் வீட்டில் கால் வைத்த பிறகு முதல்தடவையாக அவள் என்னை முழுக்க நீ என்று பேசியது இதற்குத்தான்.

இன்று சதீஷ் காரில் வந்தான். அவள் அலமாரிப் பக்கமே போகவில்லை. அவன்தான் ஒவ்வொன்றாக இறக்கி மடித்துப் பெட்டியில் வைத்தான். "அத்தை, ஹேங்கரெல்லாம் உங்களுதுங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். காலி ஹேங்கர்களை அதே கம்பியில், ஒரே பக்கம் பார்க்கும்படி, இடைவெளி விட்டு மாட்டிவிட்டுப் போனான். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினார்கள். சாப்பிடவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

சிலிண்டர் வந்தது.

மார்ச் 3, ஞாயிறு

ஜெபமணி தைக்கக் கொடுத்த ரவிக்கையைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். கூப்பிட்டு, "வினோ ஏதாவது போட்டிருக்காளா, காட்டு" என்றேன்.

"இனிமே என்கிட்ட கேக்காதிய அக்கா" என்றாள். "அந்தப் புள்ள ஸ்டேட்டஸ்லருந்து என்னயும் எடுத்துட்டு. எனக்கும் தெரியாது இப்ப."

குடில் பல்பை அவிழ்த்துக் கொடுத்தேன். அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும் என்று முன்பு சொன்னவள், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 12, செவ்வாய்

மழையில் உப்பவில்லை. கரையானும் இல்லை. கதவு இரண்டும் இன்னும் மொட்டைமாடி அறையில் சாக்கு சுற்றி இருக்கின்றன, நல்ல தேக்கு.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் அலமாரியில், பாவாடைகளுக்கு அடியில், ஒரு காகிதம் கிடைத்தது. காதல் கடிதம் என்றுதான் பிரித்தேன். கடிதமாக இருந்திருந்தால் இரண்டு அடி வைத்துவிட்டு மன்னித்திருப்பேன். அது ஒரு விண்ணப்பம். கோயம்புத்தூரில் மேல்படிப்புக்கு, கூடவே அந்தக் கல்லூரி விடுதியில் இடம் கேட்டு. 'விடுதியில் சேர விரும்பும் காரணம்' என்ற இடத்தில், வீட்டில் தனி இடம் இல்லை, என்று எழுதியிருந்தாள்.

தனி அறை, தனிக் கட்டில், தனி அலமாரி கொடுத்திருந்தேன். நானூறு பெண்களை வைத்துக் காத்த வார்டனின் மகள், இன்னொரு வார்டனிடம் போய் இருக்கக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவள் அப்பா போனபோது எட்டு வயது அவளுக்கு. அன்றிலிருந்து தனியாளாக வளர்த்தவளுக்குக் கிடைத்த சான்றிதழ் அது. கிழித்துப் போட்டேன். மறுநாள் ஆசாரியைக் கூப்பிட்டேன். இனி ஒளிக்க இடமே இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

வயிற்றெரிச்சலில் செய்தேன். இதை எழுதக் கூடாது என்று இருந்தேன், எழுதிவிட்டேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று போனை எடுத்தேன். என்னவென்று ஆரம்பிப்பது? முப்பத்தொரு வருடம் மற்றவர்களிடம் எழுதி வாங்கித்தான் பழக்கம்.

மார்ச் 25, திங்கள்

அலமாரியில் தூசி. துடைத்தேன்.

ஏப்ரல் 6, சனி

காலை பத்து மணிக்குத் துளசிமணி போன். பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. சுகப்பிரசவம்.

"வினோ நல்லா இருக்கறாளுங்க. பாப்பா உங்க ஜாடைங்க சம்பந்தி, நெத்தியெல்லாம் அப்படியே."

பாவம் அந்தப் பிள்ளை என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டேன். "நான் இன்னைக்கே கிளம்பி வாரேன்" என்றேன்.

துளசிமணி குரலைத் தாழ்த்தினாள். "பதினொண்ணாம் நாள் வாங்க. நான் அவகிட்டக் கேட்டுட்டேன், சரின்னுட்டா."

சரின்னுட்டா. என் பேத்தியைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது, தேதியோடு. விடுதியில் பெற்றோருக்கு மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்று நான்தான் போர்டு எழுதி மாட்டினேன்.

ஏப்ரல் 16, செவ்வாய், கோயம்புத்தூர்

காலையில் வந்து இறங்கினேன். வீட்டில் சாம்பிராணி வாசனை. தீட்டுக் கழித்து வீடு கழுவிவிட்டிருந்தார்கள். சதீஷ் பையை வாங்கிக்கொண்டு, காபி கொடுத்துவிட்டு, மருந்து வாங்க வெளியே போனான்.

"உள் ரூம்ல இருக்கறாங்க, போங்க சம்பந்தி" என்று சமையலறையிலிருந்து துளசிமணி குரல் கொடுத்தாள்.

அறைக் கதவு சாத்தியிருந்தது. கையைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்துவிட்டேன், பழக்கம். பிறகு எடுத்துக்கொண்டேன். நான் வாழ்நாளில் எந்தப் பெண்ணின் கதவையும் தட்டியதில்லை. விடுதியிலும் தள்ளித்தான் திறப்பேன், தட்டினால் ஒளிக்க நேரம் கிடைத்துவிடும். எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. இரண்டு விரலால் தட்டினேன்.

"யாருங்க?"

"நான்தாம்மா."

உள்ளே குழந்தை சிணுங்கியது. முதல்தடவையாக அதன் குரலைக் கேட்டேன்.

"ஒரு நிமிஷம்மா" என்றாள் வினோ.

நின்றேன். எதிரே சுவர்க் கடிகாரம் இருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும், துளசிமணி ஒரு கையில் பூண்டுக் குழம்புச் சோறும் ஒரு கையில் வெந்நீருமாக வந்தாள். "அட, இன்னும் வெளியவே நிக்கறீங்களா? பால் குடுத்துட்டிருப்பா" என்றாள். இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் இடுப்பால் கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது. தாழ்ப்பாள் போட்டிருக்கவேயில்லை. அவள் உள்ளே போனதும் கதவு தானாகத் திரும்பிச் சாத்திக்கொண்டது.

"ஆட்டம் போடறாளா என்ற ராசாத்தி?" என்று துளசிமணி கொஞ்சுவது கேட்டது. வினோ சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் அதே சிரிப்பு.

"ஏங்கண்ணு, உங்கம்மா வாசல்லயே நிக்கறாங்க."

"தெரியும்ங்க அத்தை" என்றாள் என் மகள்.

கதவு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தள்ளியிருந்தால் திறந்திருக்கும். தள்ளவில்லை. ஹாலுக்கு வந்து, விருந்தாளிகளுக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி பன்னிரண்டாகிறது. இன்னும் கூப்பிடவில்லை.